சுவருக்குள்ளே ஒரு மழைக்காலம்!



கேரவன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட், உள்ளே ஜில்லுனு ஏ.சி., கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கிற ஹீரோ... அதானே? அமெரிக்காவில் இந்த ஜாதி வண்டிக்கெல்லாம் மொத்தமா 'ஆர்.வி.'னு பேர். அங்கே அது ஹீரோக்களோட சமாச்சாரம் இல்லை. ரிட்டயர் ஆன தாத்தா-பாட்டி ஊர் சுத்துவாங்க. சீசன் வேலைக்குப் போறவங்க தங்குவாங்க. வாடகை கட்டி மாளாத காலேஜ் பசங்களும் அதிலேயே குடியிருப்பாங்க.

நம்ப முடியலையா? 2021-ல் கலிஃபோர்னியாவில் லாங் பீச் சிட்டி காலேஜ், காரில் தூங்குற மாணவர்கள் ராத்திரி பயமில்லாம வண்டியை நிறுத்திக்க கேம்பஸிலேயே ஒரு பார்க்கிங் திட்டத்தை ஆரம்பிச்சது. 2023-ல் அதே மாநிலத்தோட வடக்குக் கோடியில், கால் பாலி ஹம்போல்ட் பல்கலைக்கழகம் நேர் எதிரா, கேம்பஸ் பார்க்கிங்கில் வண்டிகளில் தங்கியிருந்த மாணவர்களைக் கிளம்பச் சொல்லி, அது பெரிய நியூஸே ஆச்சு. அந்தச் செய்தியைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஆள். என் க்ளாஸ்மேட். அவனோட வீங்கிப் போன சுவர்.

சுவர் வீங்குமா? வீங்கும் பாஸ். அந்தக் கதைதான் இந்த வாரம்!

நான் 2011-ல் எம்.எஸ். படிக்கப் போனது ஓரிகான் மாநிலத்தில், மழைக்குப் பேர் போன ஒரு காலேஜ் டவுன். லேப்ல என் பக்கத்து சீட் பையன் அமெரிக்கன்தான், ஆனா கையில் காசு கிடையாது. ரெண்டு சம்மர் அலாஸ்காவுக்குப் போய் மீன் பேக் பண்ற ஃபேக்டரியில் ராத்திரி பகலா நின்னு சம்பாதிச்சதில் நாலாயிரத்து இருநூறு டாலரைப் போட்டு, பன்னிரண்டு வருஷப் பழைய ட்ரெய்லர் ஒண்ணு வாங்கினான். இருபத்து நாலு அடி நீளம். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு ஆர்.வி. பார்க்கில் இடத்துக்கு மாச வாடகை கட்டினா கரன்ட், தண்ணி, சாக்கடை மூணும் கனெக்‌ஷன் கிடைக்கும். அபார்ட்மென்ட் வாடகையில் பாதி கூட ஆகாது. 'படிச்சு முடிச்சதும் வித்துடுவேன், போட்ட காசு திரும்பி வந்துடும்' - இதுதான் அவன் ப்ளான். கேட்க நல்லாத்தான் இருந்தது.

ஓரிகானின் மேற்குப் பக்கத்தில் கோடை முழுக்க ஒரு சொட்டு விழாது. அக்டோபரில் ஆரம்பிச்சா மாசக்கணக்கில் நசநசன்னு தூறிக்கிட்டே இருக்கும். நம்மூர் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்த்துட்டுப் போகாது. நவம்பர் கடைசியில் ஒரு நாள் அவன், 'கட்டிலுக்கு அடியில் கார்பெட் ஈரமா இருக்கு. வா, வந்து பாரு'ன்னு கூப்பிட்டான். கொஞ்ச நாளா விடாம இருமிக்கிட்டும் இருந்தான். போய்க் கதவைத் திறந்தா, ஊறப்போட்டு மறந்துபோன துணி வாடை!

முதல் சந்தேகம் பைப் மேல. இதுக்கு ஒரு ஈஸி டெஸ்ட் இருக்கு. ட்ரெய்லரில் டேங்க் தண்ணியை இழுக்க ஒரு குட்டி பம்ப் உண்டு. குழாயைத் திறந்தா ஓடும், மூடினா லைனில் பிரஷர் ஏறினதும் நிக்கும். யாரும் குழாயைத் தொடாதப்போ பம்ப் தானா 'டுர்'னு ஓடி ஓடி நின்னா, எங்கேயோ பைப் ஒழுகுதுன்னு அர்த்தம். ஒரு ராத்திரி முழுக்க வெளித் தண்ணி கனெக்‌ஷனை மூடிட்டு, பம்பை ஆன்ல வெச்சுக் காது கொடுத்துக் கேட்டோம். சத்தமே இல்லை. அப்போ பைப் நிரபராதி.

அடுத்த சந்தேகம் மூச்சு. சிரிக்காதீங்க. சின்ன அடைச்ச ரூமில் ஒருத்தர் ராத்திரி முழுக்க விடுற மூச்சிலேயே எவ்வளவோ நீராவி இருக்கு. அடுப்பில் எரியுற புரோப்பேன் கேஸும் எரிஞ்சு முடிஞ்சா தண்ணியாத்தான் மாறும், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி. அந்த ஈரம் ஜில்லுனு இருக்கிற சுவரில் வேர்த்து வழியும். ஆனா அப்படி வேர்த்தா எல்லா ஜன்னலிலும் வேர்க்கணும். இங்கே ஒரே ஒரு மூலை மட்டும்தான் நனைஞ்சிருந்தது.

பக்கத்து லாட்டில் ஒரு பெரியவர். மனைவி இறந்த பிறகு வீட்டை வித்துட்டு வருஷக்கணக்கா ஆர்.வி-யிலேயே வாழறவர். எங்க ஆராய்ச்சியை ஜன்னல் வழியா பார்த்துட்டு, ஒரு டார்ச்சோட வந்தார். வண்டிக்கு உள்ளேயே வரலை. வெளியே இருட்டில், முன்பக்கச் சுவரோட ஓரத்தில் டார்ச்சை ஒட்டி வெச்சு, வெளிச்சம் சுவர் மேலேயே படுத்து ஓடற மாதிரி அடிச்சார். பகல்ல வழவழன்னு தெரிஞ்ச சுவரில், சப்பாத்தி உப்பின மாதிரி ரெண்டு மேடு! விரல் முட்டியால தட்டினார். மத்த இடத்தில் 'டக் டக்'. மேட்டு மேல 'டொப் டொப்'. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்த வித்தியாசம்.

'டீலாமினேஷன்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு டார்ச்சை அணைச்சார். என் ஃப்ரெண்ட் முகம் இருட்டில் தெரியலை. நல்லதுதான்.

அது என்னன்னு புரியணும்னா அந்தச் சுவரை சாண்ட்விச் மாதிரி நினைச்சுக்கோங்க. வெளியே மெல்லிசா ஒரு ஃபைபர்கிளாஸ் ஷீட். அதுக்குப் பின்னால சுமார் மூணு மில்லிமீட்டர் பிளைவுட். அமெரிக்காவில் இதை 'லூவான்'னு சொல்வாங்க, தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து போற மரம். நடுவில் அலுமினியக் குழாய் ஃப்ரேமும் அதை நிரப்பி தெர்மக்கோலும். உள்பக்கம் இன்னொரு பிளைவுட், அது மேல வால்பேப்பர். இது அத்தனையும் சேர்ந்து நிக்கிறது ஆணியில் இல்லை, பசையில்! ஃபேக்டரியில் பெரிய டேபிளில் அடுக்கி, அழுத்தி ஒட்டி எடுக்கிறாங்க. எடை குறைவு, பார்க்கவும் பளபளன்னு இருக்கும்.

அப்புறம் அதே சுவரில் ஜன்னலுக்கு, கதவுக்கு, லைட்டுக்கு, வென்ட்டுக்குன்னு ஓட்டை ஓட்டையா வெட்டறாங்க. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணியைத் தடுக்கிறது ஒரு கோடு சீலன்ட் மட்டும்தான். வண்டி ஹைவேயில் ஓடும்போது அந்தச் சுவருக்கு மணிக்கணக்கில் நிலநடுக்கம். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். சில வருஷத்தில் சீலன்ட் வெடிக்கும். தலைமுடி அளவு இடுக்கு போதும், தண்ணி தானா உறிஞ்சிக்கிட்டு உள்ளே போயிடும். உள்ளே போன தண்ணி பிளைவுட்டில் ஊறும், பசை விடும், ஃபைபர்கிளாஸ் தனியா கழண்டு உப்பும். ஊறின தண்ணி பனியில் உறைஞ்சா இன்னும் ஒன்பது சதவிகிதம் பெருக்கும். ஆக, நீங்க மேட்டைக் கண்ணால பார்க்கிறப்போ நோய் முத்திப் போச்சுன்னு அர்த்தம்.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டான். முன்பக்கச் சுவர் ஒண்ணுக்கு மட்டும் ஆறாயிரம் டாலர் ஆகும்னாங்க. வண்டியே நாலாயிரம்! இன்ஷூரன்ஸ்? கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிக் கெட்டுப் போனதுக்குப் பொதுவா காசு தர மாட்டாங்க, பராமரிக்காதது உங்க தப்புன்னுடுவாங்க. அவனோட அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கணக்கே இந்த வண்டியோட மறுவிலையில்தான் நின்னுக்கிட்டிருந்தது. நாங்களே பண்றதுன்னு முடிவாச்சு. தைரியம்னு நினைக்காதீங்க, வேற வழி இல்லை.

இங்கே பெரியவர் ஒரு கண்டிஷன் போட்டார். 'ஓட்டையைக் கண்டுபிடிக்காம சுவரைத் தொடக் கூடாது.' எல்லாரும் பண்ற தப்பு அதுதானாம். மேட்டை அழுத்தி ஒட்டிடுவாங்க, அடுத்த மழையில் மறுபடி உப்பும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கிறது செம கடுப்பான வேலை. நம்ம மொட்டை மாடியில் விரிசல் ஒரு இடம், ஹாலில் ஒழுகறது வேற இடம்னு பார்த்திருப்பீங்களே... அதே கதைதான். ஹோஸ் பைப்பில் தண்ணி அடிச்சுப் பார்க்கலாம். ஆனா கீழேயிருந்து மேலே போகணும். முதல்ல ஜன்னலோட கீழ் விளிம்பு மட்டும் பத்து நிமிஷம். உள்ளே ஒருத்தர் டார்ச்சோட காவல். ஒண்ணும் இல்லையா, ஒரு அடி மேலே. எடுத்தவுடனே கூரையில் அடிச்சா தண்ணி எல்லா இடத்திலும் வழிஞ்சிடும், எந்த ஓட்டைன்னு யாருக்குத் தெரியும்?

பெரியவர் சொன்னது அதைவிடக் கில்லாடியான வழி. கூரை வென்ட்டில் ஒரு ஃபேனை வெளிக்காற்றை உள்ளே தள்ற மாதிரி வெச்சு, சுத்தி டேப் ஒட்டி, மத்த வென்ட், ஜன்னல், கதவு எல்லாத்தையும் மூடினோம். வண்டி லேசா பலூன் மாதிரி ஆச்சு. வெளியே ஏணி போட்டு, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணி ஸ்ப்ரே. ஓட்டை இருக்கிற இடத்தில் காத்து வெளியே வந்து நுரை தள்ளும். புரியுதா? பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணித் தொட்டியில் முக்குவாங்களே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி! ஆர்.வி. ரிப்பேர் கடைகளில் இதுக்குன்னே மெஷின் வெச்சிருப்பாங்க.

நாலு இடத்தில் நுரை வந்தது. பெரிசா பொங்கின இடம் எது தெரியுமா? முன்பக்க உச்சி மூலையில் இருக்கிற மஞ்சள் மார்க்கர் லைட். தீப்பெட்டி சைஸ். கழட்டினா ஸ்க்ரூ ரெண்டும் துருப்பிடிச்சுத் தூள். தண்ணி அங்கே நுழைஞ்சு, சுவருக்குள்ளேயே ஆறடி இறங்கிக் கட்டிலுக்கு அடியில் தலை காட்டியிருக்கு. லைட்டைச் சுத்தி முன்னாடி வெச்சிருந்த யாரோ புண்ணியவான் பாத்ரூம் சிலிக்கோனைப் பூசி வெச்சிருந்தார். சிலிக்கோன் மேல வேற எதுவுமே ஒட்டாது, பழைய சிலிக்கோன் மேல புது சிலிக்கோன் கூட ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போச்சு.

மழை நிக்காம சுவரைத் திறக்க முடியாதே... அதனால ஓட்டைகளை மட்டும் தற்காலிகமா டேப் போட்டு அடைச்சு, மேலே தார்பாய் கட்டி, உள்ளே டீஹியூமிடிஃபையர் ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஈரமான கார்பெட்டை வெட்டி எறிஞ்சதும் இருமல் குறைஞ்சது. இருபது டாலருக்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினோம், ரெண்டு ஊசியை மரத்தில் குத்தினா நம்பர் காட்டும். இருபது சதவிகிதத்துக்குக் கீழே இருந்தா மரத்தில் பூஞ்சை வளர்ந்து மக்கவைக்க முடியாது. எங்க மூலை முப்பத்தஞ்சு காட்டிச்சு. வாராவாரம் குத்திக் குத்தி சுவரில் எழுதி வெச்சான். ஐ.சி.யூ-வில் சார்ட் எழுதற மாதிரி.

ஜூன்ல நம்பர் பதினாலுக்கு வந்ததும்தான் ஆபரேஷன்.

ஜன்னலுக்குக் கீழே இருந்த சின்ன மேடு, தட்டு அளவு. அங்கே பிளைவுட் நல்லா இருந்தது, பசை மட்டும்தான் விட்டிருந்தது. ஜன்னலைக் கழட்டி, அந்த வெட்டு விளிம்பு வழியா நீளமான ட்யூப் மாட்டின ஊசியில் எபாக்ஸியைச் செலுத்தினோம். அழுத்திக் கட்டினோம். முடிஞ்சது.

மூலை அப்படி இல்லை. நாலடிக்கு மூணடி. மூலையில் ஓடற அலுமினிய பட்டியைக் கழட்டி, புட்டி பிளேடை விட்டு ஃபைபர்கிளாஸை மெதுவா உரிச்சோம். பின்னால பிளைவுட் இருந்த இடத்தில் நமுத்துப் போன அப்பளம்! கையால வழிச்சே எடுத்தோம். பிளைவுட்டே அடுக்கடுக்கா பிரிஞ்சு போனா ஊசியில் எவ்வளவு பசை விட்டாலும் பிரயோஜனம் இல்லை. மக்கினதோட மக்கினது ஒட்டும், அவ்வளவுதான்.

இப்போ என் பங்குக்கு நான் பண்ணின சாதனை. ஹார்டுவேர் கடையில் கிடைச்ச கான்டாக்ட் சிமென்ட்டை வாங்கிட்டு வந்து, லேபிளைப் படிக்காம தெர்மக்கோல் மேல தாராளமா தடவினேன். கண் முன்னாலேயே தெர்மக்கோல் 'ஸ்ஸ்ஸ்'னு உள்வாங்கிக் குழி குழியா கரையுது! ஸ்கூல்ல பெட்ரோலில் தெர்மக்கோல் போட்டுக் கரைச்சு விளையாடியிருக்கேன் நான். அதே கரைப்பான் சமாச்சாரம்னு டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. அவன் திட்டலை. அந்தப் பகுதியைச் சதுரமா வெட்டி எடுத்துட்டு, புதுத் துண்டு ஒண்ணை அளந்து வெட்டிக்கிட்டே, 'நீ மெக்கானிக்கல் எஞ்சினீயர்தானே?'ன்னு மட்டும் கேட்டான்.

அப்புறம் தெர்மக்கோலைக் கரைக்காத பாலியூரித்தேன் பசை. காத்தில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கிட்டு இறுகற ரகம். கையில் க்ளவுஸ் கட்டாயம், காத்தோட்டம் கட்டாயம், அந்த வாடை நெஞ்சுக்கு நல்லதில்லை. புது பிளைவுட்டை ஒட்டி அழுத்தம். அடுத்த நாள் அது மேல ஃபைபர்கிளாஸை ஒட்டி மறுபடி அழுத்தம். நிக்கிற சுவரை எப்படி அழுத்துவீங்க? பெரியவர் தன்னோட பிக்கப் ட்ரக்கை எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். சுவர் மேல பசை ஒட்டாத மெழுகுத் தாள், அது மேல தடி பிளைவுட், அதிலிருந்து ட்ரக் பம்பர் வரைக்கும் கட்டைகளை முட்டுக் கொடுத்து ஆப்பு அடிச்சோம். ஒரு நாள் முழுக்க அப்படியே. பார்க்கில் போறவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுத்தாங்க.

கடைசியா சீலிங் வேலை. மூலைப் பட்டிக்கு அடியில் பியூட்டைல் டேப், ஸ்க்ரூவை நெரிச்சு முறுக்காம சீரா இறுக்கணும். கூரையில் ரப்பர் ஷீட்டுக்கு டைகார் மாதிரி தானா பரவற சீலன்ட். அதையே சுவரில் போட்டா தேன் மாதிரி வழியும், சுவருக்கு வழியாத வேற ரகம் இருக்கு. ரப்பர் கூரையைத் துடைக்க பெட்ரோலியம் கலந்த க்ளீனர் கூடவே கூடாது. மொத்தச் செலவு அறுநூத்துச் சொச்சம் டாலர். ரெண்டு பேரோட பதினோரு நாள் உழைப்பைக் கணக்கில் சேர்க்கலை.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் படிக்கப் போய், பழைய ஆர்.வி. ஒண்ணை வாங்கற ஐடியாவில் இருந்தா... பகல்ல பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ராத்திரி டார்ச்சோட போங்க. சுவரைத் தட்டுங்க. நாலு மூலையிலும் தரையைக் காலால் அழுத்துங்க, அமுங்கினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு மோந்து பாருங்க. வாங்கியாச்சுன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூரை ஏறி சீலன்ட்டைப் பாருங்க, நிறைய கம்பெனிகளோட மேனுவலிலேயே இந்த மாதிரிதான் எழுதியிருக்கு. யாரும் படிக்கிறதில்லை. இப்போ சில வண்டிகளில் லூவானுக்குப் பதிலா அஸ்டெல்னு கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் ஷீட் வருது. அது மக்காது. ஆனா ஓட்டை வழியா தண்ணி வரத்தானே செய்யும்? அது பாட்டுக்கு மெத்தையையும் தரையையும் நனைக்கும்.

அவனோட சுவர் கண்ணாடி மாதிரி ஆகிடுச்சான்னு கேட்டீங்கன்னா, ஆகலை. சாயங்கால வெயில் சாய்வா அடிக்கிறப்போ மூலையில் லேசா ஒரு அலை தெரியும். தெரிஞ்சவன் கண்ணுக்கு மட்டும். அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு சொட்டு ஒழுகலை.

2013 வசந்தத்தில் விற்க விளம்பரம் கொடுத்தான், ஐயாயிரம்னு. அப்பாவோட ஒரு பொண்ணு வந்தது, அடுத்த வருஷம் எங்க காலேஜில்தான் சேரப் போகுது. நல்ல உச்சி வெயில் நேரம், சுவர் பளபளன்னு இருக்கு, ரெண்டு பேருக்கும் வண்டி பிடிச்சுப் போச்சு. அப்பா செக் புக்கை எடுத்துட்டார். ஐயாயிரம்னா அவனுக்குக் கடைசி செமஸ்டர் கடன் அப்படியே தீர்ந்துடும். நான் அவனையே பார்த்துக்கிட்டிருந்தேன். உள்ளே போனவன், ஆபரேஷன் அன்னிக்கு எடுத்த போட்டோக்களையும், சுவரில் எழுதி அப்புறம் ஒரு நோட்டில் காப்பி பண்ணின ஈரப்பத நம்பர்களையும் கொண்டுவந்து அந்த மனுஷன் கையில் கொடுத்தான். மூலைக்குக் கூட்டிட்டுப் போய்த் தட்டிக் காட்டினான்.

அப்பா செக் புக்கை மூடிட்டார். ரெண்டு பேரும் கார்ல உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாங்க. திரும்பி வந்து மூவாயிரத்து எண்ணூறுன்னாங்க. ஒத்துக்கிட்டான்.

சாவியோட ஈரப்பத மீட்டரையும் அந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தான். அவ முதல் வேலையா அதை மூலையில் குத்திப் பார்த்தா. பதிமூணு.